திண்டிவனம் பேண்டு கோஷ்டி

அந்தப் பதினாறு இசைத்தட்டுகளும் வேறு யாருக்கும் வேண்டாதவை. அதனால்தான் அவை தையல்நாயகியிடம் வந்து சேர்ந்தன.

1938ஆம் வருஷம் தை மாதம், விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஒரு என்ஜின் டிரைவர் மாற்றலாகித் தெற்கே போனார். போகுமுன் வீட்டுச் சாமான்களை விற்றார். அவரிடம் ஒரு கிராமபோனும், ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் இருந்தன. ஊரெல்லாம் முணுமுணுக்கிற பாட்டுகளையெல்லாம் கடைத்தெரு காபி ஹோட்டல்காரர் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். மிஞ்சியது பதினாறு. அவற்றையும் கிராமபோனையும் கார்டு சீனுவாசன் வாங்கி, போர்ட்டர் ஒருவர் தலையில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்.

சீனுவாசனுக்குப் பாட்டில் ருசி கிடையாது. பாசஞ்சர் வண்டியில் கார்டு வேலை. இன்று போனால் நாளையோ மறுநாளோதான் திரும்புவார். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் குழந்தை இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் மனைவி தனியாகக் கிடக்கிறாளே, வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று நினைத்தார். அவ்வளவுதான்.

அந்தச் சத்தம் தையல்நாயகியை எங்கோ கொண்டுபோய்விட்டது.

மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் முன்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு, தரையில் ஈரத்துணி போட்டுத் துடைத்து, குளிர்ச்சியாக இருக்கும்போதே பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு படுப்பாள். சாவி கொடுத்து ஊசியை வைத்தால் முதலில் மழை தூரத்தில் வருகிற மாதிரி ஒரு இரைச்சல். அப்புறம் யாரோ ஒருவர் அந்த மழைக்குள்ளிருந்து பாட ஆரம்பிப்பார். வெளியே ஷண்டிங் என்ஜின் ஒன்று போகும், வரும். ஜன்னல் கம்பிகளின் நிழல் அவள் கால்மேல் ஏறி மெதுவாக நகரும். கண்ணை மூடினால், தான் விழுப்புரத்தில் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றாது. எங்கே இருக்கிறோம் என்றும் தெரியாது.

அந்தப் பதினாறு தட்டுகளில் இருந்தவர்களைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தெரியாது என்றார்கள். செய்யாற்றுக்காரர் ஒருவர் புல்லாங்குழல் வாசித்திருந்தார். முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன இருமல். அந்த இருமல் வரும்போதெல்லாம் தையல்நாயகிக்கு அவர்மேல் பாசம் பொங்கும். அக்கா தங்கை இரண்டு பேர் கும்மி பாடினார்கள். பாதியில் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிடும், அடக்கிக்கொண்டு மேலே பாடுவாள். நாடகக் கம்பெனி ஆர்மோனியக்காரர் ஒருவர், வாசித்து முடித்த கையோடு, "ஆர்மோனியம் வீராசாமி!" என்று தன் பெயரைத் தானே உரக்கக் கத்திவிட்டு ஓய்வார். ஜலதரங்கம் வாசித்த அம்மையாரின் பெயரில் தண்ணீர் பட்டு, கடைசி மூன்று எழுத்துதான் மிஞ்சியிருந்தது. அதனால் அவரை அவள் "ம்மாள்" என்றே வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ம்மாள் கேட்டேன். மழை பேயற மாதிரியே இருந்துது, தெரியுங்களா" என்பாள் கணவரிடம்.

"யாரு அது?" என்பார் சீனுவாசன், காக்கிக் கோட்டைக் கழற்றிக்கொண்டே.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கோவிந்தம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டுவாள். கோவிந்தம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டு கேட்பாள். "நல்லாத்தான் இருக்குது. ஆனா எல்லாரும் எங்கியோ அவசரமா போற மாதிரி பாடுறாங்களே, ஏன்?" என்று ஒருநாள் கேட்டாள். தையல்நாயகிக்குக் கோபம் வந்துவிட்டது.

பதினாறில் ஒன்றை மட்டும் அவள் வெளியார் யாருக்கும் போட்டுக்காட்டவில்லை.

அதன் சிவப்புக் காகிதத்தில் "திண்டிவனம் பேண்டு கோஷ்டி" என்று மட்டும் அச்சடித்திருந்தது. முதலில் கொட்டு. பிறகு பித்தளைக் குழல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஊர்வலத்துக்கு வாசிக்கிற மெட்டுதான். ஆனால் நடக்கிறவர்கள் தரையில் கால் பாவாமல் நடப்பது போல இருக்கும். நடுவில் எல்லாம் சட்டென்று தணிந்து, ஒரு பெண்குரல் தனியாக எழும்பும். பதிமூன்று, பதினான்கு வயது இருக்கலாம். மெல்லிய குரல். வெயிலில் பிடித்த பட்டு நூல் போல அதில் ஒரு பளபளப்பு.

*மேற்கே ஒரு மேகம் வந்தா
மேட்டு நிலம் நனைஞ்சிடுமா
நனைஞ்ச மண்ணு காயுமுன்னே
நான் நடந்து வந்திடுவேன்*

இன்னொரு நாலடி. அதற்குள் குழல்கள் மறுபடி மேலே வந்து மூடிக்கொள்ளும். குரல் இருந்த இடம் தெரியாது. தட்டு முடிந்துவிடும்.

யார் வீட்டுப் பெண்? யாரிடம் வருவதாகச் சொல்கிறாள்? பெயர் ஏன் போடவில்லை? மத்தியான வேளைகளில் தையல்நாயகி அந்தப் பெண்ணுக்கு முகம் வைத்தாள், பாவாடை உடுத்தினாள், ஏரிக்கரை ஒன்றில் நடக்கவிட்டாள். சில நாள் அவள் தன் மகள் மாதிரியும், சில நாள் சின்ன வயசில் தன்னைப் போலவும் இருந்தாள்.

"ஏங்க, உங்க வண்டி திண்டிவனத்துல நிக்குதில்ல? யாரையாவது கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்" என்றாள் ஒருநாள்.

"இன்னான்னு கேக்குறது? பாடுன பொண்ணு எங்கன்னா? எனக்கு அங்க நிக்கறது அஞ்சு நிமிசம்."

சொன்னாரே தவிர, கேட்டார். ஒவ்வொரு தடவை வண்டியோடு வரும்போதும் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியவில்லை. திண்டிவனத்தில் மூன்று பேண்டு செட் இருக்கிறது என்றார் பார்சல் கிளார்க். மூன்றிலும் பெண் பிள்ளை யாரும் இல்லை என்றார் பிளாட்பாரத்தில் வறுத்த மல்லாட்டைக்கடலை விற்கிறவர். தையல்நாயகி ஒவ்வொரு சேதியையும் வாங்கி மனசில் வைத்துக்கொள்வாள். அவர் வேலைக்குப் போகும்போது முன்பு சோற்று மூட்டையை மட்டும் கொடுத்தனுப்புவாள். இப்போது வாசல்வரை வந்து, "மறந்துடாதீங்க" என்பாள். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. இதற்குள் சீனுவாசனுக்கே அந்தத் தட்டு பழகிவிட்டது. லுங்கி கட்டிக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்திருக்கும்போது, "அந்தத் திண்டிவனத்தப் போடு" என்று அவரே சொல்வார்.

1939 மாசி மாதம் ஒருநாள் சாயங்காலம் சீனுவாசன் வீட்டுக்குள் நுழைகிறபோதே சிரித்துக்கொண்டு நுழைந்தார்.

"இன்னைக்குத் திண்டிவனத்துல கூட்ஸ் வண்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏத்திக்கினு இருந்தாங்க. அதுல ஒரு ஆளு சீட்டி அடிச்சிக்கினே மூட்டைய தூக்குறான். இன்னா பாட்டு தெரியுமா?"

தையல்நாயகி கையிலிருந்த அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள்.

"உன் பாட்டுதான். இறங்கி ஓடுனேன். 'ஏம்பா, இது எங்க கேட்ட பாட்டு'ன்னேன். 'எங்கியும் கேக்கலீங்க, நான் கட்டுன மெட்டு'ன்னான். பேரு மாசிலாமணி. மண்டில மூட்டை தூக்குறான். ஒலக்கூர் போற ரோட்டுல மாதா கோயில் தெரு. அவந்தான் அந்த பேண்டுக்கு மாஸ்டர்."

"அந்தப் பொண்ணு?"

"தங்கச்சியாம். லூர்துமேரி."

அந்தப் பெயரை தையல்நாயகி வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். ராத்திரி சமையல் நடந்ததே தவிர, அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை.

"இன்னொண்ணு" என்றார் சாப்பிட்டுக்கொண்டே. "அவங்க யாரும் அந்தப் பிளேட்ட கேட்டதே இல்லயாம். கம்பெனிக்காரங்க தபால்ல அனுப்புனது மூணு துண்டா வந்துதாம். கேக்கறதுக்குப் பெட்டியும் இல்லை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சீனுவாசனுக்கு ஓய்வு நாள். காலைப் பாசஞ்சரில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். கிராமபோனைப் பழைய புடவையில் சுற்றி தையல்நாயகி மடியிலேயே வைத்துக்கொண்டாள். தட்டு அவள் கைப்பைக்குள், மடித்த இரண்டு பருத்தித் துண்டுகளுக்கு நடுவில். விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஸ்டேஷன்கள் வந்து போயின. அறுவடை முடிந்த கழனிகளில் மாடுகள் நின்றன. வெயில் இன்னும் ஏறவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யாருமே நிஜமாக இல்லை. ஏரிக்கரையில் பாவாடை கட்டிய பெண் ஒருத்திதான் நிஜம்.

திண்டிவனத்தில் ஜட்கா பிடித்தார்கள். ஊரைத் தாண்டி, புளியமரச் சாலையில் கொஞ்ச தூரம் போய், வண்டிக்காரர் குதிரையை நிறுத்தினார்.

"அந்தத் தெருவுக்குள்ள நான் வண்டிய விடமாட்டேங்க. அது சேரிங்க. நீங்க இன்னாத்துக்கு அங்க போறீங்க?"

சீனுவாசன் ஒருகணம் மனைவியைப் பார்த்தார். விக்கிரவாண்டிப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம் அவருடையது. அவர் அப்பா இந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் பார்த்திருக்க மாட்டார். தையல்நாயகி அதற்குள் இறங்கிவிட்டாள். அவரும் இறங்கி, கிராமபோனை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

"நட" என்றார்.

தெருக்கோடியில் ஓலை வேய்ந்த சின்ன மாதா கோயில். அதன் பக்கத்தில் வேப்பமரம். பூசை முடிந்து ஜனங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். மாசிலாமணி ஓடிவந்தார். நாற்பது வயதிருக்கும், தோள் இரண்டும் மூட்டை சுமந்து காய்ப்பேறியிருந்தன. கார்டு அய்யா தோளில் பெட்டியைப் பார்த்துப் பதறிப் போய் வாங்கிக்கொண்டார்.

"எங்கள தேடிக்கினா வந்தீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பாய் ஒன்றை உதறிப் போட்டார்கள். தையல்நாயகி உட்கார்ந்ததும் சுற்றிலும் பார்த்தாள். பதிமூன்று வயசுப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். இவளா, அவளா?

"இதுதாங்க லூர்துமேரி" என்றார் மாசிலாமணி.

இடுப்பில் குழந்தையோடு உயரமாக ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து வயதாவது இருக்கும். அகலமான நெற்றி, களை பிடுங்கிக் கறுத்த கைகள். "கும்பிடறேங்கம்மா" என்றாள். குரல் கனமாக, அடியிலிருந்து வந்தது.

தையல்நாயகி அவளை மேலும் கீழும் பார்த்தாள். சரி, பாடினபோது சின்னப் பெண்ணாக இருந்திருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"தாகமா இருக்குது. கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றாள்.

கூட்டம் முழுக்க அவளையே திரும்பிப் பார்த்தது. லூர்துமேரி அண்ணனைப் பார்த்தாள். அவர் எங்கோ பார்த்தார். குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய், விளக்கி வைத்திருந்த ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தையல்நாயகி குடித்தாள். பாதிச் செம்பு மிச்சமிருந்தது. சீனுவாசன் கையை நீட்டி அதை வாங்கி, மிச்சத்தையும் அண்ணாந்து குடித்து முடித்தார்.

அப்புறம்தான் எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பாட்டு பதிவான கதையை மாசிலாமணி சொன்னார். ஐந்து வருஷத்துக்கு முன் பட்டணத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்து, பேண்டு வாசிக்கிறதைக் கேட்டு ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு போனாராம். போகிற இடத்தில் சோறு பொங்கிப் போட லூர்துமேரியையும் அழைத்துப் போயிருக்கிறார்கள். நாலு பக்கமும் கனத்த திரை தொங்கும் ஒரு ரூம். வாசித்துப் பார்த்தால், தட்டின் ஒரு பக்கத்துக்கு மெட்டு போதவில்லை. நடுவில் ஒரு நிமிஷம் காலியாக நின்றது.

"'யாராவது பாடறவங்க இருக்காங்களா'ன்னாரு அந்த அய்யா. இவ வெளிய அரிசி பொறுக்கிக்கினு இருந்தா. கூப்புட்டு நிக்கவச்சோம்" என்றார் மாசிலாமணி.

"அதான் என் பேரு இல்ல. நான் பாடப் போவலயே, சமைக்கத்தான போனேன்" என்று லூர்துமேரி சிரித்தாள்.

தையல்நாயகி பெட்டியைத் திறந்து சாவி கொடுத்தாள். மாசிலாமணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. தவக்காலம் நடக்கிறது, ஈஸ்டர் வரைக்கும் பேண்டு எடுக்கவோ, இந்த மாதிரிப் பாட்டுப் பாடவோ மாட்டார்கள். தட்டில் கேட்கலாமா? கொஞ்சம் யோசித்தார். "இப்ப நாம பாடலியே. எப்பவோ பாடுனதுதானே" என்று தாமே தீர்ப்புச் சொல்லிவிட்டு, தலைத்துணியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஊசி இறங்கியது. மழை இரைச்சல். கொட்டு. குழல்கள். பேண்டுக்காரர்கள் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்குரல் எழும்பியது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் தெருவே சிரித்தது. குழந்தைகள் குதித்தன.

"யாரும்மா இந்தப் பாப்பா?" என்றாள் லூர்துமேரி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே. "என் பாட்ட எடுத்துப் பாடிக்கினு இருக்குது!"

"நீதானே?" என்றாள் தையல்நாயகி. அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

மாசிலாமணி மட்டும் சிரிக்கவில்லை. பெட்டிப் பக்கம் குனிந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓடுதுங்க" என்றார். "அத்தினி ஜல்தியா நாங்க வாசிக்கவே இல்ல. சுருதியும் ஏறிக் கிடக்குது."

"இது யாரு பொட்டிங்க?" என்று கேட்டார் பெரிய கொட்டுக்காரர் சின்னதுரை. அவர்தான் லூர்துமேரியின் வீட்டுக்காரர்.

"ஒரு என்ஜின் டிரைவருது" என்றார் சீனுவாசன்.

"அதான் பாத்தேன்!" என்றார் சின்னதுரை. மறுபடி ஒரு சிரிப்பலை.

தட்டு சுற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருந்தது. ஒரு வருஷமாக தையல்நாயகி அதைத் துணியால் துடைத்திருக்கிறாளே தவிர, எதற்கென்று தெரியாததால் தொட்டுத் திருப்பியதில்லை. மாசிலாமணி வீட்டுக்குள் போய்த் தன் பித்தளைக் குழலை, கார்னெட்டை, எடுத்துவந்தார். "ஒத்தை சுரந்தான். ஆண்டவர் கோவிச்சிக்கமாட்டாரு" என்று சொல்லி, பாட்டு ஆரம்பிக்கிற சுரத்தை ஊதிப் பிடித்தார். தையல்நாயகி தட்டை மறுபடி முதலிலிருந்து போட, இன்னொரு கையால் அந்த வேகத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்.

பெட்டிக்குள்ளிருந்த பேண்டு நிதானமாயிற்று. குழல்கள் கனத்தன. கொட்டுக்குக் கால் முளைத்துத் தரையைத் தொட்டது. கார்னெட்டின் சுரமும் தட்டின் சுரமும் உரசி, நடுங்கி, பிறகு ஒன்றாகிவிட்டன. அந்தப் பெண்குரல் குளத்துப் படியில் ஒருத்தி இறங்கிப் போவது போல ஒவ்வொரு படியாக இறங்கியது. பதினான்கு வயசு போய், பதினேழு போய், இருபது வயசுப் பெண் ஒருத்தி, கனத்த குரலில், மூச்சை அளந்து விட்டு, *நனைஞ்ச மண்ணு காயுமுன்னே* என்று பாடினாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. லூர்துமேரி கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கைக்குழந்தை பெட்டியைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, மறுபடி பெட்டியைப் பார்த்தது.

தட்டு முடிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "ரெண்டாவது அடில மூச்சு வாங்கிட்டேன். கேட்டீங்களா? அங்க எனக்குப் பயம் வந்துடுச்சி."

நாலு தடவை போடச் சொன்னார்கள். நாலாவது தடவை முடிந்ததும் லூர்துமேரி தையல்நாயகி பக்கத்தில் வந்து குந்தினாள். "அம்மா, அந்தப் பாப்பாவ இன்னொரு தபா காட்டுங்களேன். அது பயப்படாமப் பாடுனுது" என்றாள் மெதுவாக.

தையல்நாயகி திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். ஏரிக்கரைப் பெண் வந்து பாடிவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் அழுதாள். சீனுவாசனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாத்தானே நடந்துது?" என்றார்.

"நல்லாத்தான் நடந்துது" என்றாள். "ஆனா எங்கிட்ட ஒரு பொண்ணு இருந்தா. அவ யாருமே இல்லன்னு ஆயிடுச்சே."

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மயிலம் தாண்டியதும், அவள் கைமேல் தன் கையை வைத்தார். வண்டியில் ஆள்கள் இருந்தார்கள். அவர் அப்படிச் செய்கிறவர் அல்ல.

பத்து நாள் அவள் பெட்டியைத் திறக்கவில்லை. பதினோராம் நாள் மத்தியானம் திறந்து, மாசிலாமணி ஆணியால் கீறி அடையாளம் வைத்திருந்த இடத்தில் திருகை நிறுத்தினாள். செய்யாற்றுக்காரரைப் போட்டாள். சுறுசுறுப்பான இளைஞர் என்று நினைத்திருந்தவர் ஆற அமர ஊதுகிற முதியவராக இருந்தார். இருமலும் கிழ இருமல். அக்கா தங்கைகளுக்குக் கல்யாண வயது வந்திருந்தது. ஆர்மோனியம் வீராசாமி தன் பெயரைக் கம்பீரமாகச் சொன்னார். ம்மாளின் கிண்ணங்களில் இப்போது ஒவ்வொரு துளியும் விழுந்து, வட்டமிட்டு, அடங்கிய பிறகே அடுத்தது விழுந்தது. அவர்கள் எல்லோரும் அவள் வீட்டுக்கு இரண்டாம் தடவை, இந்தத் தடவை சாவகாசமாக, வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

கடைசியாகத் திண்டிவனத்தைப் போட்டாள். அந்தக் கனத்த குரல் முதலில் பிடிபடவில்லை. நாளாக ஆக, இரண்டாவது அடியில் மூச்சு வாங்குகிற இடத்துக்காகவே அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். அந்த இடத்தில் ஒரு பெண் அரிசி முறத்தை வைத்துவிட்டு வந்து, முன்பின் தெரியாத ஒரு ரூமில் பயந்து நிற்பது அவளுக்குக் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஒருநாள் பேனாவை எடுத்து, சிவப்புக் காகிதத்தின் ஓரத்தில், "பாட்டு: லூர்துமேரி" என்று எழுதினாள். மை ஊறிப் பரவியது. ஆனாலும் படிக்க முடிந்தது.

ஆவணி மாதம் சீனுவாசன் ஒரு சேதி கொண்டுவந்தார். நாகப்பட்டினம் பக்கம் மாதா கோயில் திருவிழாவுக்கு மாசிலாமணி பேண்டு போகிறது. செவ்வாய்க்கிழமை பாசஞ்சர். விழுப்புரத்தில் அந்த வண்டி இருபது நிமிஷம் நிற்கும். அங்கிருந்து தெற்கே அந்த வண்டிக்கு அவர்தான் கார்டு.

"லூர்துமேரியும் வருதாம். 'அம்மாவ பிளாட்பாரத்துக்கு வரச் சொல்லுங்க, இப்ப தவக்காலம் இல்ல'ன்னு சொல்லி அனுப்பிச்சிது."

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே தையல்நாயகி ஸ்டேஷனில் இருந்தாள். கோவிந்தம்மாளும் கூட வந்தாள். வண்டி வந்து நின்றது. மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஏழு பேர் பளபளக்கும் குழல்களோடு இறங்கினார்கள். சின்னதுரை தன் பெரிய கொட்டைக் கதவு வழியாக இறக்கப் பாடுபட்டார். "பேஜாரு புடிச்ச கதவுங்க" என்றார். லூர்துமேரி மஞ்சள் புடவையில் இருந்தாள். தையல்நாயகியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

மாசிலாமணி கண்ணைக் காட்டினார். கொட்டு விழுந்தது.

தகரக் கூரைக்குக் கீழே அந்த இசை தட்டிலிருந்த மாதிரி இல்லை. மார்புக்குள் புகுந்து விலா எலும்பைத் தொட்டது. வண்டியின் ஜன்னல்களிலெல்லாம் தலைகள் முளைத்தன. காபி விற்கிறவர்கள் நின்றார்கள். எதிர்ப் பிளாட்பாரத்தில் பாண்டிச்சேரி வண்டிக்குக் காத்திருந்த ஜனங்கள் தண்டவாள ஓரம்வரை வந்துவிட்டார்கள். குழல்கள் தணிந்தன. லூர்துமேரி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாடினாள்.

முதல் நாலடி. இரண்டாவது அடியில் அவள் மூச்சு வாங்கவில்லை; தையல்நாயகியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அதைக் கடந்து போனாள். அடுத்த நாலடி. அத்தோடு தட்டு முடிந்துவிடும். குழல்கள் வந்து மூடிக்கொள்ளும் என்று தையல்நாயகி காத்திருந்தாள். குழல்கள் வரவில்லை. பாட்டு மேலே போயிற்று. தட்டில் இடமில்லாமல் வெளியே நின்றுவிட்ட அடிகள், ஒன்றரை வருஷமாக அவள் கேட்டிராதவை, இப்போது வந்தன.

*ஏரிக்கர மேலிருந்து
என் பேர நீ கூப்பிடாதே
கூப்பிடுமுன் வந்திடுவேன்
கூட நீயும் நடந்து வா*

தையல்நாயகி அசையாமல் நின்றாள். யாரிடம் வருகிறேன் என்று அந்தப் பாட்டில் சொன்னாளோ, அவர்களைத் தன்னோடு நடந்து வரச் சொல்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஸ்டேஷன் மணி அடித்தது. என்ஜின் ஊதியது. இன்னும் பாட்டு முடியவில்லை. சின்னதுரை கொட்டடித்துக்கொண்டே கடைசிப் பெட்டிப் பக்கம் பயந்து பயந்து பார்த்தார். அங்கே சீனுவாசன் பச்சைக் கொடியைச் சுருட்டியபடி கக்கத்தில் வைத்துக்கொண்டு, விசிலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு நின்றார். என்ஜின் இரண்டாம் தடவை ஊதியது. ஸ்டேஷன் மாஸ்டர் ரூமிலிருந்து எட்டிப் பார்த்தார். சீனுவாசன் தன் கைக்கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் லூர்துமேரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

கடைசி அடி முடிந்து, குழல்களெல்லாம் ஒன்றுசேர்ந்து எழும்பி, கொட்டு நின்றது. அதற்குப் பிறகே விசில் ஊதினார்.

ஏழு பேரும் லூர்துமேரியும் ஓடிப்போய் ஏறினார்கள். பெரிய கொட்டு ஜன்னல் வழியாக நுழையவில்லை; பயணிகள் பிடித்து இழுத்து, ஒருவழியாகக் கதவு வழியாகவே உள்ளே வாங்கினார்கள். வண்டி நகர்ந்தது. லூர்துமேரி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஈஸ்டருக்கு வாங்கக்கா!" என்று கத்தினாள். அம்மா என்று சொல்லவில்லை.

"வர்றேன்!" என்று கத்தினாள் தையல்நாயகி. பிளாட்பாரத்தில் அப்படி அவள் கத்தியதேயில்லை.

மறுநாள் ராத்திரி சீனுவாசன் வீட்டுக்கு வந்ததும், வண்டி மூணு நிமிஷம் தாமதம் என்று தன் குறிப்பேட்டில் எழுதவேண்டியிருந்ததாகச் சொன்னார்.

"அய்யோ! காரணம் இன்னான்னு எழுதுனீங்க?"

"பயணிகள் ஏறத் தாமதம்னு எழுதுனேன்."

"பொய்யா எழுதுனீங்க?"

"இன்னா பொய்? எட்டுப் பேரு ஏறாம பிளாட்பாரத்துல நின்னுக்கினு இருந்தாங்க. டிக்கெட் வாங்குனவங்க தானே?"

அவள் சிரித்தாள். அவர் கைகால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தபோது, அவர் சோற்றில் கை வைக்காமல், எதையோ நினைவுபடுத்திக்கொள்கிறவர் போல, மிக மெல்லிய குரலில், சுருதி கொஞ்சமும் சேராமல், *கூட நீயும் நடந்து வா* என்று முனகிக்கொண்டிருந்தார். அவள் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்று, அவர் அந்த அடியை முடிக்கிறவரை காத்திருந்தாள்.